காதருகே அமரும் நான்காம் நடுவர்: குத்துச்சண்டை ஒளிபரப்புகளை ஒப்பிட ஓர் அறிமுகம்

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்கிறவருக்கு ஆட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை ஓட்டம், எத்தனை விக்கெட், இன்னும் எத்தனை ஓவர் என்பதெல்லாம் பலகையில் இருக்கும். வர்ணனையாளர் தவறாகச் சொன்னாலும் பலகை அவரைத் திருத்திவிடும். குத்துச்சண்டையில் அந்தப் பலகை கிடையாது. பன்னிரண்டு சுற்றுகள் கொண்ட ஒரு தொழில்முறைப் போட்டியில் இருவரும் கடைசி மணி வரை நின்றுவிட்டால், யார் முன்னணியில் இருக்கிறார் என்பது மூன்று மதிப்பெண் நடுவர்களின் தாள்களில் மட்டுமே இருக்கும். பெரும்பாலான போட்டிகளில் முடிவு அறிவிக்கப்படும்வரை அந்தத் தாள்கள் வெளியே வருவதில்லை. 36 நிமிடச் சண்டை, இடையிடையே 11 நிமிட ஓய்வு, ஆக 47 நிமிடங்கள் பார்வையாளர் நிலவரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த இடைவெளியில் அவருக்கு நிலவரம் சொல்வது தொலைக்காட்சியின் குரல் ஒன்றுதான்.

ஆகவே ஒரு போட்டியை எந்த அலைவரிசையில் பார்க்கிறோம் என்பது, நாம் எந்தப் போட்டியைப் பார்க்கிறோம் என்பதையே ஓரளவு மாற்றிவிடுகிறது. ஒரே சண்டையை இரண்டு அலைவரிசைகளில் பார்த்த இருவர், மறுநாள் டீக்கடையில் வெற்றியாளரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். குத்துச்சண்டையைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் ஒருவர் இந்த ஒளிபரப்புகளை எப்படி ஒப்பிடலாம், எதைக் கவனிக்கலாம், எதை நம்பலாம் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் மதிப்பெண் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாக மதிப்பிடப்படுகிறது. சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. தோற்றவர் ஒருமுறை கீழே விழுந்திருந்தால் வழக்கமாக 8. களத்துக்குள் நிற்கும் ரெஃப்ரி விதிமீறலுக்காகப் புள்ளி கழித்தால் அது தனியே குறையும். ஒரு நடுவரின் தாளில் 115-113 என்று இருந்தால், விழுதலோ கழிப்போ இல்லாத நிலையில், வென்றவர் ஏழு சுற்றுகளையும் தோற்றவர் ஐந்து சுற்றுகளையும் எடுத்திருக்கிறார் என்று பொருள். 117-111 என்றால் ஒன்பதுக்கு மூன்று. இந்தச் சிறு கணக்கு கைவந்துவிட்டால், வர்ணனையாளர் சொல்லும் மதிப்பெண்ணை வெறும் எண்ணாகக் கேட்காமல், எந்தச் சுற்றை அவர் யாருக்குக் கொடுத்தார் என்று கேட்கத் தோன்றும்.

சுற்றை எப்படி வெல்வது என்பதற்கு நான்கு அளவுகோல்களை வழக்கமாகச் சொல்வார்கள்: சுத்தமாக இறங்கிய குத்துகள், பயனுள்ள ஆக்ரோஷம், களத்தைத் தன் விருப்பப்படி நடத்தும் திறன், தற்காப்பு. இவற்றில் எதற்கு எவ்வளவு எடை என்பது பார்ப்பவரின் மனத்தைப் பொறுத்தது. முன்னேறிக்கொண்டே இருப்பவரை ஒருவர் மெச்சுவார். பின்வாங்கியபடியே துல்லியமாகக் குத்துபவரை இன்னொருவர் மெச்சுவார். இரண்டும் நேர்மையான பார்வைகளே. ஒளிபரப்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த எடைபோடுதலில்தான் பிறக்கிறது.

அடுத்தது இருக்கை. மூன்று மதிப்பெண் நடுவர்களும் களத்தின் மூன்று வெவ்வேறு பக்கங்களில், மேடையின் தரையை ஒட்டிய உயரத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். சில வேளைகளில் ஒரு வீரரின் முதுகோ உள்ளே நிற்கும் ரெஃப்ரியின் முதுகோ அவர்கள் பார்வையை மறைத்துவிடும். தொலைக்காட்சியின் முதன்மைக் கேமரா அதற்கு மாறாகச் சற்று உயரத்திலிருந்து பார்க்கிறது; கயிற்றோரம் தோளில் சுமந்த கேமராக்கள் உண்டு, மேலிருந்து பார்க்கும் கேமராவும் உண்டு. ஒரு நடுவர் கண்ணால் காணாத குத்தை நாம் வீட்டில் மூன்று கோணங்களில் மெதுவாக ஓட்டிப் பார்க்கிறோம். நடுவருக்கு மறுஓட்டம் கிடையாது. ஒரு தீர்ப்பைத் திட்டுவதற்கு முன்னால் இந்த வேறுபாட்டை நினைவில் வைப்பது நியாயம்.

ஒலிக்கும் இதில் பங்குண்டு. களத்தருகே வைக்கப்படும் மைக்குகள் கையுறை உடலில் படும் ஓசையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருகின்றன. கையால் தடுக்கப்பட்ட குத்தும் கன்னத்தில் இறங்கிய குத்தும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்கும். கூட்டத்தின் இரைச்சல் சேர்ந்துவிட்டால் வேறுபாடு முற்றிலும் அழிந்துவிடும். ஓய்வு நிமிடத்தில் மூலையில் பயிற்சியாளர் சொல்வதைக் கேட்கவிடுவது சில அலைவரிசைகளின் வழக்கம். அதற்குப் பதிலாக விளம்பரமோ மறுஓட்டமோ காட்டுவது வேறு சிலவற்றின் வழக்கம். மூலைப்பேச்சைக் கேட்கவிடும் ஒளிபரப்பையே நான் விரும்புவேன். தன் வீரர் பின்தங்கியிருக்கிறார் என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் ஒரே குரல் அந்த அரங்கில் பெரும்பாலும் அவருடைய பயிற்சியாளருடையதுதான்.

இனி பேசுகிறவர்களுக்கு வருவோம். 1921 ஜூலை 2 அன்று ஜாக் டெம்ப்சியும் ஜார்ஜஸ் கார்ப்பென்டியரும் மோதிய போட்டி வானொலியில் ஒலித்தது; அக்காலத்திலிருந்து தொடங்கி, 1941இல் ஜோ லூயிஸ், பில்லி கான் போட்டியை வர்ணித்த டான் டன்ஃபி போன்றவர்கள் வளர்த்தெடுத்த கலை, குத்துக்குக் குத்து சொல்லும் வர்ணனை. கேட்பவருக்குக் கண் இல்லை என்பதால் இடது கையா வலது கையா, தலையா விலாவா என்று ஒவ்வொன்றையும் சொல்லியாக வேண்டும். பொங்கல் டெஸ்டின்போது வானொலியில் தமிழ் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கலையின் அருமையை விளக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சி வந்தபிறகு பார்வையாளருக்குக் கண் கிடைத்துவிட்டது. ஆகையால் வர்ணனையாளரின் வேலை மாறியிருக்க வேண்டும். எல்லா அலைவரிசைகளிலும் அது ஒரே அளவில் மாறவில்லை. இதுவே ஒப்பிடுவதற்கான முதல் இடம்: காணக்கூடியதையே திரும்பச் சொல்கிறாரா, காணத் தவறியதைச் சொல்கிறாரா?

அமெரிக்க வழக்கத்தில் பெரும்பாலும் மூவர் உட்காருவார்கள். ஒருவர் நிகழ்வைச் சொல்பவர். ஒருவர் முன்னாள் வீரரோ பயிற்சியாளரோ. ஒருவர் பத்திரிகையாளர் அல்லது விமர்சகர். இந்த வடிவத்துக்கு நெடுங்காலம் இலக்கணமாக இருந்தது எச்பிஓ. 1973 ஜனவரி 22 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் ஜோ ஃப்ரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறுமுறை வீழ்த்திய போட்டியுடன் தொடங்கி, 2018 டிசம்பர்வரை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அது குத்துச்சண்டையை ஒளிபரப்பியது. ஜிம் லாம்ப்லி நிகழ்வைச் சொல்வார். லாரி மெர்ச்சன்ட் கேள்வி கேட்பார். மூன்றாவது நாற்காலியில் ஜார்ஜ் ஃபோர்மன், எமானுவேல் ஸ்டூவர்ட், ராய் ஜோன்ஸ் ஜூனியர் என்று காலத்துக்கேற்ப மாறிவந்தார்கள். ஸ்டூவர்ட் பேசும்போது ஒரு பயிற்சியாளரின் கண் பேசும்: பின்னங்கால் எங்கே நிற்கிறது, அதனால் அடுத்த குத்து ஏன் வலுவிழக்கும் என்று அவர் சொல்லி முடிக்கையில் திரையில் அது நடந்துகொண்டிருக்கும். ராய் ஜோன்ஸ் பேசும்போது வீரரின் உடல் பேசும்: அந்த நொடியில் அவருக்கு என்ன வலிக்கும், எதற்கு அஞ்சுவார் என்பது.

அதே கிங்ஸ்டன் இரவை நினைவுகூரும் பெரும்பாலானோரின் காதில் இன்றும் ஒலிப்பது எச்பிஓவின் குரல் அன்று. ஏபிசி அலைவரிசைக்காகப் பேசிய ஹோவர்ட் கோசெல், ஃப்ரேசியர் விழுவதை “டவுன் கோஸ் ஃப்ரேசியர்” என்று மூன்று சொற்களில் திரும்பத் திரும்பக் கூவிய குரல். ஒரே சண்டை இரண்டு ஒளிபரப்புகளில் வந்தால், காலம் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்குமோ அதுவே நிகழ்வின் வடிவமாக நிலைத்துவிடுகிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

பிரிட்டிஷ் வழக்கம் வேறு. ஒருவர் நிகழ்வைச் சொல்வார், அருகில் ஒரு முன்னாள் வீரர் இடையிடையே கருத்துச் சொல்வார், இடைவெளிகள் அதிகம். பிபிசியில் ஹாரி கார்ப்பென்டர், ஐடிவியில் ரெஜ் கட்டரிட்ஜ், பின்னாளில் ஸ்கை ஸ்போர்ட்ஸில் முன்னாள் உலகச் சாம்பியன் ஜிம் வாட் ஆகியோரின் பதிவுகளைக் கேட்டால், அமைதியையும் ஒரு கருவியாகப் பயன்படுத்துவது புரியும். அமெரிக்க மூவரணியைக் கேட்டுப் பழகியவருக்கு இது முதலில் வெறுமையாகத் தோன்றும். எனக்கு அந்த வெறுமை பிடிக்கும். ஆனால் புதியவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பதில் ஸ்டூவர்ட் போன்ற ஒருவர் அருகில் பேசுவதே மேல் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். எச்பிஓ 1986இல் ஹரால்ட் லெடர்மன் என்பவரைக் கொண்டுவந்தது. தொழிலால் மருந்தாளுநர், அதற்கு முன் பல போட்டிகளுக்கு மதிப்பெண் நடுவராக உட்கார்ந்தவர். அவர் களத்தருகே அமர்ந்து தாமாக மதிப்பெண் போடுவார். சில சுற்றுகளுக்கு ஒருமுறை அது திரையில் வரும். பலகையில்லாத விளையாட்டுக்கு இப்படி ஒரு பலகை கிடைத்தது. ஷோடைம் அலைவரிசையும் ஸ்டீவ் ஃபர்ஹுட்டை அதே பணியில் அமர்த்தியது. பார்வையாளருக்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை; ஆனால் திரையில் ஓடும் அந்த எண் அதிகாரப்பூர்வமானது என்ற எண்ணம் மெல்ல மெல்ல மனத்தில் ஊறிவிடுகிறது. வர்ணனையாளர்களுமே அந்த எண்ணைப் பார்த்தபின் அதற்கேற்பப் பேசத் தொடங்குகிறார்கள். இறுதியில் உண்மையான தீர்ப்பு வேறாக வரும்போது, திருடிவிட்டார்கள் என்ற கூச்சல் எழுகிறது.

2012 ஜூன் 9 அன்று மேனி பாக்கியாவோ, டிமதி பிராட்லி போட்டியில் இது நடந்தது. லெடர்மன் 119-109 என்று பாக்கியாவோவுக்குக் கொடுத்தார். அதாவது பன்னிரண்டில் பதினொரு சுற்றுகள். நடுவர்களில் இருவர் 115-113 என்று பிராட்லிக்கும் ஒருவர் அதே கணக்கில் பாக்கியாவோவுக்கும் கொடுக்க, பிராட்லி வென்றார். பின்னர் உலகக் குத்துச்சண்டை அமைப்பான டபிள்யூபிஓ ஐந்து நடுவர்களைக் கொண்டு பதிவைப் பார்க்கச் செய்தபோது, ஐவருமே பாக்கியாவோ வென்றதாகக் கூறினர். இங்கே தொலைக்காட்சியின் குரல் சரியான பக்கத்தில் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஐந்தாண்டுகள் கழித்து, 2017 ஜூலை 2 அன்று, அதே பாக்கியாவோ ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிய திறந்தவெளி அரங்கில், அவ்வூர்க்காரரும் முன்னாள் பள்ளி ஆசிரியருமான ஜெஃப் ஹார்னைச் சந்தித்தார். அமெரிக்காவில் அதை ஒளிபரப்பிய இ.எஸ்.பி.என். அலைவரிசையின் டெடி அட்லஸ், பாக்கியாவோ வெல்வதாகவே தொடக்கமுதல் கண்டார்; போட்டி முடிந்து களத்தில் பேட்டி எடுக்கையில், நீங்கள் தோற்றதாகவே நான் கருதுகிறேன் என்று வென்றவரிடமே சொன்னார். தீர்ப்பு 117-111, 115-113, 115-113 என்று ஹார்னுக்கு வந்திருந்தது. குத்து எண்ணிக்கையோ பாக்கியாவோ 182, ஹார்ன் 92 என்று திரையில் நின்றது. பார்த்தவர்கள் பலர் கொதித்தார்கள். ஆனால் டபிள்யூபிஓ இம்முறையும் ஐந்து நடுவர்களைக் கொண்டு மறுபார்வை செய்தபோது, ஹார்ன் ஏழு சுற்றுகளை வென்றதாகவே முடிவு வந்தது. ஒரே அமைப்பு, ஒரே முறை, ஒரே வீரர். ஒருமுறை தொலைக்காட்சி சொன்னது நின்றது, மறுமுறை நிற்கவில்லை. 117-111 என்பது மிகையென்று இன்றும் நான் நினைக்கிறேன். ஆனால் 115-113 என்பது ஒரு நேர்மையான மனிதர் வந்தடையக்கூடிய எண்ணே என்பதை, ஒலியை முற்றிலும் அணைத்துவிட்டு அப்போட்டியைப் பார்த்தபின் ஏற்றுக்கொண்டேன்.

திரையில் வரும் அந்தக் குத்து எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1985இல் தொடங்கப்பட்ட காம்பியூபாக்ஸ் என்ற நிறுவனத்தின் முறை இது. இருவர் களத்தருகே உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு வீரரை மட்டும் பார்ப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் பொத்தான்கள்: ஜாப் (முன்கையால் நேராக விடும் விரைவான குத்து) பட்டது, ஜாப் தவறியது, வலுவான குத்து பட்டது, வலுவான குத்து தவறியது. வலுவான குத்து என்றால் ஜாப் தவிர்த்த எல்லாம். கணினி என்ற பெயர் வந்தாலும் பார்ப்பது மனிதக் கண்தான். விரல் அழுத்துவதைக் கருவி கூட்டிக் கொடுக்கிறது, அவ்வளவே. முகத்தைத் தொட்டுவிட்டுப் போன குத்துக்கும் காலைத் தள்ளாட வைத்த குத்துக்கும் அங்கே ஒரே எண். அதைவிட முக்கியமானது, அது முழுப் போட்டியின் கூட்டுத்தொகை. நடுவர்களோ சுற்றுச் சுற்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். மூன்று சுற்றுகளில் மலையளவு குத்துகளை இறக்கிவிட்டு, மீதி ஒன்பதில் ஒவ்வொன்றிலும் ஓரிரு குத்துகள் குறைவாக இறக்கிய ஒருவர், மொத்த எண்ணிக்கையில் முந்தியும் 117-111 என்று தோற்கலாம்.

இதற்கு அண்மைய எடுத்துக்காட்டு, 2024 நவம்பர் 15 அன்று டெக்சாஸின் ஆர்லிங்டனில் நடந்து நெட்ஃபிளிக்ஸில் வந்த கேட்டி டெய்லர், அமாண்டா செரானோ மறுபோட்டி. பெண்கள் போட்டி என்பதால் இரண்டு நிமிடச் சுற்றுகள் பத்து. செரானோ 324, டெய்லர் 217 என்று எண்ணிக்கை சொன்னது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பலர் செரானோ வென்றதாகவே நம்பினார்கள். மூன்று நடுவர்களும் 95-94 என்று டெய்லருக்குக் கொடுத்தார்கள். தலையால் முட்டியதற்காக டெய்லருக்கு ஒரு புள்ளி கழிக்கப்பட்டிருந்தது. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஆறு சுற்றுகள் டெய்லருக்கு, நான்கு செரானோவுக்கு: 96இல் ஒன்று போக 95, எதிர்ப்பக்கம் 94. நானாக இருந்தால் செரானோவுக்கே கொடுத்திருப்பேன். ஆனாலும் 107 குத்துகள் வேறுபாடு இருந்தும் எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்ட பார்வையாளருக்கு இந்தச் சுற்றுக் கணக்கை அப்போதே பொறுமையாக விளக்கும் ஒளிபரப்பே நல்ல ஒளிபரப்பு.

பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது. கிரிக்கெட்டில் வாரியம் உரிமையை விற்கிறது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் அலைவரிசை பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட போட்டி அமைப்பாளருடன் பல ஆண்டு ஒப்பந்தம் போடுகிறது: டாப் ரேங்க் 2017இல் இ.எஸ்.பி.என். பக்கமும், மேட்ச்ரூம் அமெரிக்கப் போட்டிகளுக்காக 2018இல் டாசோன் பக்கமும் சென்றது இப்படித்தான். ஒப்பந்தத்தில் உள்ள வீரர் வென்றால் அடுத்த போட்டி அதே அலைவரிசைக்கு. தோற்றால் முதலீடு போயிற்று. 2015 மார்ச்சில் பிரீமியர் பாக்ஸிங் சாம்பியன்ஸ் என்ற போட்டித் தொடர் தொடங்கியபோது, அமைப்பாளர் தரப்பே என்பிசி போன்ற பெரிய அலைவரிசைகளுக்குப் பணம் கொடுத்து ஒளிபரப்பு நேரத்தை வாங்கியது. இந்நிலையில் வர்ணனையாளர் பொய் சொல்வார் என்று நான் சொல்லவில்லை. எதைச் சொல்லாமல் விடுவார் என்பதைக் கவனிக்க வேண்டும். எதிராளி எவ்வளவு பலவீனமானவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், எடை வரம்புக்குள் வருவதற்காக எவ்வளவு வாடினார், இந்த மோதலைவிட எந்த மோதல் நடந்திருக்க வேண்டும் என்ற கேள்விகள் எழுகின்றனவா என்பதே உரைகல்.

அந்த உரைகல்லில் தேறியவர் லாரி மெர்ச்சன்ட். 2011 செப்டம்பர் 17 அன்று, கைகுலுக்கித் தழுவிய மறுகணமே தற்காப்பில்லாமல் நின்ற விக்டர் ஓர்ட்டிஸை ஃபிளாய்ட் மேவெதர் வீழ்த்தினார். களத்தில் வைத்து மெர்ச்சன்ட் அதைப் பற்றிக் கேட்டார். மேவெதர் சீறினார், இவரை வேலையைவிட்டு நீக்குங்கள் என்றார். எண்பது வயது மெர்ச்சன்ட், தமக்கு ஐம்பது வயது குறைந்திருந்தால் நேரிலேயே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று திருப்பிக் கொடுத்தார். தன் அலைவரிசைக்குப் பெரும் வருமானம் தரும் நட்சத்திரத்திடம் பார்வையாளர் மனத்திலிருந்த கேள்வியை அவர் கேட்டார். 2013இல் மேவெதர் ஷோடைமுக்கு மாறிவிட்டார். அவர் மாறியதற்குப் பணக் காரணங்கள் பல இருந்தன. ஆனாலும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்கக்கூடிய நாற்காலி எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று நான் இன்றும் தேடுகிறேன்.

வீரரின் உயிர் ஆபத்தில் இருக்கும்போது வர்ணனை எப்படி இருக்கிறது என்பதை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் பதினான்காம் சுற்றுவரை மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ நான்கு நாட்களில் இறந்தார். அப்போட்டி சிபிஎஸ் அலைவரிசையில் நேரலையாக வந்தது. அதன் விளைவாகவே உலகப் பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறையத் தொடங்கின. பதின்மூன்று நாள் கழித்து ஹூஸ்டனில் லாரி ஹோம்ஸ், டெக்ஸ் காப் என்பவரைப் பதினைந்து சுற்றுகளும் ஒருதலைப்பட்சமாக அடித்தபோது, ஏபிசிக்காகப் பேசிக்கொண்டிருந்த கோசெல், இதை ஏன் நிறுத்தவில்லை என்று வெளிப்படையாகக் கண்டித்தார். அதன்பின் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு அவர் வர்ணனை செய்யவே இல்லை. அடிவாங்குபவரின் துணிவைப் புகழ்ந்துகொண்டே இருக்கும் வர்ணனை எனக்கு அச்சமூட்டுகிறது. கண் குத்திட்டு நிற்கிறது, கால் தரையைத் தேடுகிறது, மூலையில் உள்ளவர் துண்டை எறிந்து சண்டையை நிறுத்த வேண்டும் என்று சொல்லத் துணிபவரே இந்த விளையாட்டை நேசிப்பவர்.

ஒப்பிடுவதற்கு மிகவும் வசதியான மேடை ஒலிம்பிக். அங்கே படங்களை ஒரே அமைப்பு எடுத்து உலகம் முழுதுக்கும் கொடுக்கிறது. ஒவ்வொரு நாட்டு அலைவரிசையும் தன் குரலை மட்டும் சேர்த்துக்கொள்கிறது. படம் ஒன்றே என்பதால் வேறுபாடு முழுவதும் சொல்லில்தான். 1988 சியோலில் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளை இறக்க, கொரியாவின் பார்க் சி-ஹுன் 32 இறக்கினார் என்று எண்ணப்பட்டும், 3-2 என்று பார்க்குக்குத் தங்கம் சென்றது. அந்த அநீதியே கணினி மதிப்பெண் முறைக்கு வழிவகுத்தது: ஐந்து நடுவர்களில் மூவர் ஒரு நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி. அம்முறை முதன்முதலில் ஒலிம்பிக்கில் வந்தது 1992 பார்சிலோனாவில். நம் சென்னையின் வி. தேவராஜன் அங்கே களமிறங்கினார். விலாவில் இறங்கும் குத்துக்கு விரல்கள் ஒன்றாக அழுந்துவது அரிது என்பதால், காலப்போக்கில் வீரர்கள் முகத்தைத் தொட்டுவிட்டு ஓடப் பழகினார்கள். 2013இல் அங்கும் பத்துப் புள்ளி முறை வந்தது. சியோலில் தோற்றவராக அறிவிக்கப்பட்ட ராய் ஜோன்ஸ் பின்னர் எச்பிஓவின் வர்ணனை நாற்காலிக்கு வந்து, நெருக்கமான சுற்றுகளைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். தீர்ப்பு என்பது என்ன செய்யும் என்பதை அறிந்த நிதானம் அக்குரலில் இருந்தது.

தமிழில் இது எப்படி இருக்கிறது? 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழுக்கென ஓர் அலைவரிசையையும், 2021இல் சோனி தமிழுக்கும் தெலுங்குக்குமாக ஒன்றையும் தொடங்கின. தமிழ்க் கிரிக்கெட் வர்ணனை அதற்கென ஒரு நடையைக் கண்டுகொண்டது; குத்துச்சண்டைக்கு அது இன்னும் வாய்க்கவில்லை. பிற மொழிகளில் பேசுவோர் பெரும்பாலும் களத்திலிருந்து வெகு தொலைவில், ஓர் அறைக்குள் திரையைப் பார்த்தே பேசுகிறார்கள். நாம் காண்பதைத் தவிர வேறெதுவும் அவர்களுக்கும் தெரியாது. அதனால் ஆவேசம் கூடி, விளக்கம் குறைந்துவிடுகிறது. வருத்தம் என்னவென்றால், சொல்லும் கண்ணும் இந்த ஊரில் ஏற்கெனவே இருக்கின்றன. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரிந்து மோதிய வடசென்னை இது. கண்ணப்பர் திடலில் மக்கள் கூடிப் பார்த்த ஊர் இது. 1980இல் முகமது அலியே இங்கு வந்து, அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி நடத்தினார். காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் பயிற்சிக்கூடம் நடத்தும் ஒரு வாத்தியாரை ஸ்டூவர்ட்டின் நாற்காலியில் உட்காரவைத்தால், கால் வைக்கும் விதத்தைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்க நான் எந்த அதிகாலையிலும் எழுந்திருப்பேன்.

இராயபுரத்தில் இருந்த என் பெரியப்பா அந்த 1980 கூட்டத்தில் நின்றவர். 2015 மே 3, ஞாயிறு காலை, லாஸ் வேகாஸில் அது சனி இரவு. மேவெதரும் பாக்கியாவோவும் மோதினார்கள். எச்பிஓவும் ஷோடைமும் தங்களுக்குள் இருந்த போட்டியை விட்டுவிட்டுக் கைகோத்து ஒரே ஒளிபரப்பைத் தயாரித்த அரிய நாள்; எச்பிஓவின் லாம்ப்லியும் ராய் ஜோன்ஸும், ஷோடைமின் அல் பெர்ன்ஸ்டைனும் சேர்ந்து பேசினார்கள். முதல் மணி அடித்ததும் பெரியப்பா, “சவுண்ட கொறைடா, கண்ணு பாக்கட்டும்” என்றார். இலவச நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பன்னிரண்டு கோடுகள் போட்டு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பேசாமல் ஓர் எண் எழுதினார். நான் அடுத்த அறைக்குப் போய் இன்னொரு பெட்டியில் ஒலியுடன் பார்த்து, தனியாக எழுதினேன்.

புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடிய வழியும் இதுவே. ஒரு போட்டியை ஒலியில்லாமல் பார்த்து, சுற்றுக்குச் சுற்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சுற்று முடிந்தவுடன் எழுத வேண்டும், பின்னால் திருத்தக் கூடாது. சில நாள் கழித்து அதே போட்டியை ஓர் அலைவரிசையின் வர்ணனையுடன் பார்த்து வேறு தாளில் எழுதுங்கள். இயன்றால் வேறொரு நாட்டு வர்ணனையுடன் மூன்றாம் முறை. பிறகு மொத்தத்தை ஒப்பிட வேண்டாம். எந்தெந்தச் சுற்றில் தாள்கள் மாறுகின்றன என்று மட்டும் பார்த்து, அந்தச் சுற்றுகளை மட்டும் திரும்ப ஓட்டுங்கள். அந்த மூன்று நிமிடங்களில் வர்ணனையாளர் எந்தக் குத்தைச் சொன்னார், எதை விட்டார், எந்த நொடியில் குரலை உயர்த்தினார் என்பது அப்போது துல்லியமாகத் தெரியும்.

அன்று தீர்ப்பு 118-110, 116-112, 116-112 என்று மேவெதருக்கு வந்தது. பெரியப்பாவின் தாள் 117-111, என்னுடையது 114-114. எங்கள் தாள்கள் மூன்று சுற்றுகளில் மாறியிருந்தன. மாலையில் மறுஒளிபரப்பு வந்தபோது அவற்றை இருவரும் சேர்ந்து பார்த்தோம். மூன்றிலும் பாக்கியாவோ மேவெதரைக் கயிற்றோரம் தள்ளிச் சரமாரியாகக் குத்தினார். அரங்கம் அதிர்ந்தது, வர்ணனைக் குரல்கள் ஏறின. பெரியப்பா திரையில் விரல் வைத்து, குனிந்த தலைக்கு முன்னால் மேவெதரின் இரண்டு கையுறைகளும் கதவுபோல் மூடியிருந்த இடத்தைக் காட்டினார்.